குளத்துக்கு ஒரு காவல் குழு

காட்டுக் குளத்தில் குட்டிகள் தவறி விழாமல் பார்த்துக்கொள்ள விலங்குகள் ஒரு காவல் குழு அமைத்தன. கரடி தலைவர். மந்தி செயலாளர். மனவருத்தம் வரக்கூடாது என்று மீதிப் பேர் எல்லாரையும் துணைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். எருமையை மட்டும் சேர்க்கவில்லை. நாள் முழுக்கச் சேறும் சகதியுமாகக் குளத்திலேயே கிடக்கிற எருமையை எப்படி மேடையில் உட்கார வைப்பது?

குளக்கரையிலேயே தொடக்க விழா. மேடைக்குப் பின்னால் பெரிய மூங்கில் தட்டி கட்டி, ‘குட்டிகளே நம் கண்கள்!’ என்று எழுதி வைத்தார்கள். தட்டி குளத்தை முழுசாக மறைத்துவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மந்தியின் குட்டி மல்லி அப்போதுதான் நடை பழகியிருந்தது. செயலாளர் பெயரைக் கூப்பிட்டதும் மந்தி குட்டியை இறக்கிவிட்டது.

“மான் அக்கா, கொஞ்சம் பார்த்துக்குங்க!”

அடுத்து மானுக்குத் தேக்கிலைப் பொன்னாடை. “முயலு, ஒரு கண்ணு வச்சுக்கப்பா!”

முயலுக்கும் பொன்னாடை உண்டே! “இத்தனை பேர் இருக்காங்க, யாராவது பார்ப்பாங்க!” என்று அதுவும் மேடை ஏறியது.

“இனி நம் குட்டிகள் மேல் ஒரு துரும்புகூடப் படாது!” என்று கரடி முழங்கியது. கைதட்டல் காட்டைப் பிளந்தது.

தட்டிக்குப் பின்னால் மல்லி ஒரு தாமரைப் பூவை எட்டிப் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்தது. கத்தவில்லை. வாய்க்குள் தண்ணீர் போனால் எப்படிக் கத்தும்?

எருமை பார்த்துவிட்டது. பாய்ந்து போய்க் கொம்புகளுக்கு நடுவே குட்டியை ஏந்தி, தட்டியைக் கிழித்துக்கொண்டு மேடைமேல் வந்து நின்றது. மல்லி தண்ணீரைக் கக்கி வீறிட்டு அழுதது.

“ஐயோ, என் கண்ணு!” மந்தி குட்டியை வாரி அணைத்தது. “மான் அக்கா, உங்ககிட்டதானே விட்டேன்!”

“நான் முயல்கிட்ட சொன்னேனே!”

முயல் தன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டது.

கரடி தொண்டையைக் கனைத்தது. “எருமையாரின் வீரத்துக்கு ஒரு பொன்னாடை! எல்லாரும் கை தட்டுங்க!”

எருமைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பொன்னாடை கிடக்கட்டும், தலைவரே! கிழிஞ்ச தட்டி வழியாப் பாருங்க. தண்ணி ஓரத்துல நிக்கிறது உங்க குட்டிதானே?”

கரடி பொன்னாடையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்து ஓடியது.

தண்ணீர் பக்கம் குழந்தை இருக்கும்போது, ‘யாராவது பார்ப்பார்கள்’ என்று விடாமல், பெரியவர் ஒருவர் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கண்ணெடுக்காது பார்த்திருக்க வேண்டும்.