கடிக்கிற பூட்ஸ்

பனி விழுந்தால்தான் அடுப்பெரியும் என்றிருந்த ஒரு மலையடிவாரத்தில் ஒரு வாடகைக் கடை இருந்தது. பனியில் சறுக்க வருகிறவர்களுக்குச் சறுக்குக்கட்டை, ஊன்றுகோல், கையுறை, பூட்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் தேஜ்ராம் இளவயதில் மதுரை வீதிகளில் ஸ்வெட்டர் விற்றவர். தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும், "வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா?" என்று வாசலுக்கே வந்துவிடுவார்.

அந்தக் கடையின் நடுத்தட்டில் நீலம் என்று ஒரு பூட்ஸ் ஜோடி இருந்தது. வெளியே கெட்டி பிளாஸ்டிக், உள்ளே மெத்தை, மேலே வரிசையாகக் கொக்கிகள். பார்க்க லட்சணம்தான். ஆனால் பாவம், ஒரு தடவைகூடப் பனியை மிதித்ததில்லை. ஜன்னல் வழியாகச் சரிவையே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது. யாராவது விர்ரென்று இறங்கி வந்தால் அதற்கு உடம்பெல்லாம் கூசும். கொக்கிகள் தாமாகவே கிலுகிலுக்கும்.

அதன் மேல் சொல்லப்பட்ட குறை ஒன்றே ஒன்று. கால் உள்ளே வந்ததும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் "ஆத்தாடி, கடிக்குது!" என்று அலறிக் கழற்றிவிடுவார்கள்.

அன்று காலை தூசி தட்டும்போது தேஜ்ராம் அதைத் தூக்கிப் பார்த்தார். இன்றைக்கும் இது போணியாகாவிட்டால் கொக்கிகளைக் கழற்றி மற்ற பூட்ஸ்களுக்கு மாட்டிவிட வேண்டியதுதான் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். நீலம் தன் கொக்கிகளை இறுக மூடிக்கொண்டது.

பக்கத்தில் சாம்பல் என்று ஒரு பெரிய பூட்ஸ். வருகிறவர்களெல்லாம் வாங்கிப் போகிற நல்ல பிள்ளை.

"முதல் நிமிஷம்தாண்டா எல்லாம்," என்றது சாம்பல். "கால் வந்ததும் 'வாங்க, உக்காருங்க, நல்லா நீட்டிக்கோங்க'ன்னு இடம் விட்டு ஒதுங்கி நில்லு. அப்புறம் சரிவுல என்ன ஆனா உனக்கென்ன?"

"விழுந்துட்டா?"

"பனி சரியில்லைன்னு நினைச்சுக்குவாங்க. என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் திட்டினதே இல்லை."

மேல்தட்டிலிருந்த சிவப்பு கர்ரென்று சிரித்தது. அது பந்தயக்காரர்களுக்காகச் செய்த பூட்ஸ். "நான் ஒதுங்கவும் மாட்டேன், வளையவும் மாட்டேன். எனக்கேத்த கால் வந்தா வரட்டும். வராட்டி காலுக்குத்தான் நஷ்டம்" என்றது.

இந்த நேரத்தில்தான் பூரணி உள்ளே நுழைந்தாள். கோவில்பட்டிக்காரி. நாத்தனார் செண்பகத்தோடு சும்மா மலை பார்க்க வந்தவள், சரிவில் ஆட்கள் பறப்பதைக் கண்டதும் நானும் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதோடு விட்டாளா? 'மலையிலிருந்து நான் நின்றபடி இறங்கி வரும் வீடியோ இன்று வரும்' என்று குடும்ப குரூப்பில் போட்டும் விட்டாள். அவள் வீட்டுக்காரர் பதிலுக்கு 'நின்னுக்கிட்டா, படுத்துக்கிட்டா?' என்று கேட்டு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பியிருந்தார். இனி இறங்காமல் ஊர் திரும்பினால் அந்தச் சிரிப்பு ஆயுசுக்கும் ஓயாது.

தேஜ்ராம் அவள் காலை அளந்து நீலத்தை எடுத்து வைத்தார். நீலத்துக்குத் தலைகால் புரியவில்லை. வந்த காலைக் கட்டிக்கொண்டது. அது வெறும் காலா? குளிருக்குப் பயந்து மூன்று ஜோடி சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்த கால்.

"எம்மா! கடிக்குதுட்டி!" என்று பூரணி துள்ளினாள்.

"நான் சொன்னம்லா மைனி? எதுக்கும் ரெண்டு சைஸு பெரிசாவே எடுங்க," என்றாள் செண்பகம். "வெரல் ஆட எடம் வேணும்லா?"

ஊரில் பிள்ளைக்குச் சட்டை எடுத்தாலும் வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி எடுக்கிற குடும்பம். நாற்பது வயதுக் கால் இனி எங்கே வளரப்போகிறது என்று யார் கேட்பது? சாம்பல் வந்தது. பூரணியின் கால் உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்ததுபோல் படுத்துக்கொண்டது. "இதாம்ட்டி பூட்சு!" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

நீலம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது. பூரணி முதலில் இறங்கியபோது பிள்ளைகள் செய்துவைத்த பனிப்பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தாள். அடுத்த தடவை கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு திசை போயின. அதற்கடுத்த தடவை அவள் உட்கார்ந்த வாக்கிலேயே நூடுல்ஸ் விற்கிறவரின் அடுப்புவரை வந்து சேர்ந்தாள். அவர் பதறாமல் ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

உடம்பெல்லாம் பனியோடு அவள் கடைக்குள் வந்தபோது அவளுடைய இடது கால் குமுறிக்கொண்டிருந்தது.

"உள்ள நான் ஒருபக்கம் ஓடுதேன், இவரு ஒருபக்கம் போறாரு! 'வலப்பக்கம் திரும்பும் வே'ன்னா 'ஆகட்டும், ஆகட்டும்'ங்காரு. நேரா போயிட்டே இருக்காரு!"

சாம்பல் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு சிரித்தது. பூரணியோ, "பனி சரியில்லட்டி. அதான்," என்றாள்.

"அப்ப அந்தச் செவப்பை எடுங்க மைனி. பந்தயக்காரங்க போடுததாம். நல்லதாத்தான இருக்கும்?"

சிவப்பை மாட்டியதும் பூரணி கொடிக்கம்பம் மாதிரி நின்றாள். முன்னால் சாயப் பார்த்தாள். சிவப்பு இம்மியும் அசையவில்லை. எடுத்துவைத்த முதல் அடியிலேயே செண்பகத்தின் மடியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் பூரணியின் முகம் சுண்டிப்போயிற்று. "நெசமாவே படுத்துக்கிட்டேதான் ஊருக்குப் போகணுமாட்டி?" என்றாள்.

நீலத்துக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளும் பாவம், தானும் பாவம்.

தேஜ்ராம் மறுபடி நீலத்தையே எடுத்து அவள் முன் வைத்தார். சாக்ஸ் மூன்று ஜோடியும் நனைந்துவிட்டன. பையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மெல்லிய ஜோடி. வேறு வழியில்லாமல் அதை மட்டும் போட்டுக்கொண்டு காலை விட்டாள்.

"இப்பவாவது புத்தியா இரு," என்று தரையிலிருந்து சாம்பல் கிசுகிசுத்தது. "கொஞ்சம் தளர்ந்து குடு. இல்லைன்னா கொக்கி போச்சு."

தளர்ந்து கொடுப்பது பெரிய காரியமில்லை. நீலத்துக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நாள், பனியில், வெயிலில்! ஆனால் தளர்ந்துபோய் இவளை மறுபடி அந்த அடுப்பில் கொண்டுபோய் விடுவதற்கா பூட்ஸாகப் பிறந்தோம் என்று அதற்கு ரோஷம் வந்தது. வருவது வரட்டும் என்று கப்பென்று பிடித்தது.

"என்ன வே, கழுத்தை நெரிக்கேரு?" என்று இடது கால் கத்தியது. "வெரல் முன்னால முட்டுதுலா!"

"நெட்டுக்குத்தா நின்னா முட்டத்தான் செய்யும். மேல இருக்காரே முழங்கால், அவரை ஒரு தடவை முன்னால மடங்கச் சொல்லு. நானும் கூடவே வளையறேன்."

இடது கால் மேலே பார்த்துக் கூப்பிட்டது. "ஏ முழங்காலு! கொஞ்சம் மடங்கும் வே!"

"நானா?" என்றது முழங்கால். "மாமியாரைக் கண்டே நான் லேசுல மடங்குனதில்ல. ஒரு பூட்சுக்கா மடங்குவேன்?"

"மடங்காட்டி குரூப்புல எல்லாரும் சேந்து நாறிருவோம், பாத்துக்கிடும்!"

முழங்காலுக்கும் மானம் மரியாதை உண்டு. முனகிக்கொண்டே மடங்கியது. நீலம் சொன்னபடி கூடவே வளைந்தது. குதிகால் பின்னால் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. முட்டிக்கொண்டிருந்த விரல்கள் விலகி, ஆச்சரியத்தோடு அசைந்து பார்த்தன.

"அட, வெரலை விட்டுட்டீரே!"

"விரலை நான் பிடிக்கவே இல்லை. குதிகாலைத்தான் பிடிச்சேன். அதை விட்டா நீ எனக்குள்ளயே ஊர் சுத்துவே."

"ஏட்டி செம்பகம்!" என்று பூரணி கூவினாள். "மொழங்காலை மடக்குனா கடிக்கலட்டி!"

அப்புறம் நடந்ததை நீலம் சொல்லக் கேட்கவேண்டும். அதற்குச் சொல்லவும் வராது. பனி சில்லென்று அடியில் உரசியபோது அது வீல் என்று கத்தியது. பூரணியும் கத்தினாள். கால் வலப்பக்கம் என்று நினைக்கும் முன்னே நீலம் கட்டையிடம் சொல்லிவிட்டது, கட்டை திரும்பிவிட்டது. இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். பனிப்பொம்மை பிழைத்தது. நூடுல்ஸ்காரர் கிண்ணத்தோடு காத்திருந்து ஏமாந்தார். சரிவு முடிந்த இடத்தில் பூரணி நின்றாள். ஆமாம், நின்றாள்! "நின்னுட்டேன்! நின்னுட்டேன்!" என்று மலைக்கே கேட்கக் கூச்சலிட்டாள். செண்பகம் எடுத்த வீடியோ குரூப்புக்குப் போன பிறகு அவள் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சிரிப்புப் பொம்மையும் வரவில்லை.

பொழுது சாயும் மட்டும் அவர்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள்.

கடைக்குத் திரும்பி வந்து கொக்கிகளைத் தட்டிவிட்டதும் பூரணி காலை உருவிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள். "அப்பாடா! இப்பத்தான் உசிரே வந்துது. சனியன், என்னா பிடி பிடிக்குது!"

சாம்பல் கெக்கெக்கே என்று சிரித்தது. நீலம் கூனிக்குறுகிப் போயிற்று. வாடகைக்குப் போயும் திட்டுத்தான் மிச்சமா என்று தேஜ்ராம் உச்சுக் கொட்டியபடி மேசை இழுப்பறையைத் திறந்து, கொக்கி கழற்றத் திருப்புளியைத் தேடி எடுத்தார்.

வாசல்வரை போன பூரணி திரும்பி நின்று விரலை ஆட்டினாள்.

"அண்ணாச்சி! நாளைக்கும் எனக்கு அந்தச் சனியன்தான் வேணும். வேற யாருக்காவது குடுத்திய, தெரியும் சேதி!"