வண்ணமுத்துவின் ஊர்வலங்கள்

பொடிசுகளே, பொடிசுகளைக் கூட்டி வந்த பெரியவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் ஏலக்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் இன்பராயன். அவனுக்குக் கூட்டம் பிடிக்கும், கொட்டுமேளம் பிடிக்கும், ஊர்வலம் பிடிக்கும். காரணம் இல்லாத நாளில் காரணம் கண்டுபிடித்து ஊர்வலம் போவான்.

ஒருநாள் காலை அரண்மனைத் தோட்டத்தில் ஒரு செம்பருத்திச் செடியின் கிளை மெல்ல நகர்ந்ததைப் பார்த்தான். உற்றுப் பார்த்தால் அது கிளை இல்லை, பச்சோந்தி. இலையைப் போலப் பச்சை. ஒரு கண் அரசனைப் பார்த்தது, மறு கண் வெட்டுக்கிளியைப் பார்த்தது. சட்டென்று நாக்கு நீண்டது. வெட்டுக்கிளியைக் காணோம்.

அரசன் அந்த நொடியே மயங்கிப்போனான். அதற்கு வண்ணமுத்து என்று பெயர் வைத்தான். பட்டுத் தலையணை தைக்கச் சொன்னான். "இவ்வளவு அழகை நான் மட்டும் பார்த்தால் போதுமா? ஊரே பார்க்க வேண்டும்" என்றான்.

முதலில் வண்ணமுத்துவை அரசவைக்குக் கொண்டுபோனான். சங்கு ஊதினார்கள், முரசு கொட்டினார்கள். வண்ணமுத்துவின் உடம்பெங்கும் மஞ்சள் புள்ளிகள் வந்தன. "நம் அவைக்காகப் பொன் நகை அணிந்துகொண்டான்" என்றார் அவைப்புலவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து சந்தைக்குக் கொண்டுபோனான். வாலைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. வண்ணமுத்து தொண்டையை உப்பிக்கொண்டது. பழுப்புக் கோடுகள் ஓடின. "புலித்தோல் போர்த்திக்கொண்டான்" என்றார் புலவர். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அதற்கடுத்து தேர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோனான். வெடிச்சத்தம், கூச்சல், புழுதி. வண்ணமுத்து கரிக்கட்டையாய்க் கறுத்து, வாயை அகலத் திறந்து, புஸ் புஸ் என்று சீறியது. புலவருக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அரசன் சொன்னான்: "பாடுகிறான்."

ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. மஞ்சள் புள்ளிச் சேலை கட்டினார்கள். பழுப்புக் கோட்டு வேட்டி உடுத்தினார்கள். சிலர் முகத்தில் கரியே பூசிக்கொண்டார்கள். அரசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடிப்பெருக்கு அன்று வண்ணமுத்துவை யானைமேல் அமர்த்தி நாடு முழுக்கச் சுற்றப்போவதாகப் பறையறைந்து அறிவித்தான்.

அரசி கோதைநாச்சி மட்டும் கை தட்டவில்லை. அவள் பட்டுத் தலையணையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பட்டப்பகலில் வண்ணமுத்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. வெட்டுக்கிளி மூக்குக்கு நேரே உட்கார்ந்து மீசையைத் தடவியது. நாக்கு நீளவில்லை.

"தேர்த் திருவிழாவுக்குப் போய்வந்தது முதல் ஒன்றையும் தொடவில்லை, அரசே. அது பயந்து கிடக்கிறது. இன்னொரு ஊர்வலத்தைத் தாங்காது" என்றாள்.

"பயமா? எத்தனை நிறம் காட்டினான் பார்த்தாயே. சந்தோஷம் பொங்கினால் பசி தெரியாது, கோதை" என்றான் அரசன்.

ஒருமுறை சொன்னாள், சிரித்தான். இன்னொருமுறை சொன்னாள், சிரித்தான். மறுபடியும் சொன்னாள், மேளக்காரரைக் கூப்பிட்டான். சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அரசிக்குத் தெரிந்துவிட்டது. "ஆடிப்பெருக்குக்கு முன் என் அண்ணன் வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம். வண்ணமுத்துவுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது, அது செம்பருத்திச் செடியிலேயே இருக்கட்டும்" என்றாள். விருந்து என்றதும் அரசன் சரி என்றான்.

அவள் அண்ணன் தடந்தோளன் கடலோர நாடான முத்துத்துறையின் அரசன். பனைமரம் போல உயரம், இடி போலச் சிரிப்பு. அரசி அவனுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, நடந்ததைச் சொல்லி, ஒன்று கேட்டிருந்தாள்: "என் வீட்டுக்காரர் வண்ணமுத்துவுக்குச் செய்ததை நீ அவருக்குச் செய், அண்ணா. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

தடந்தோளனுக்கு இதைவிட இனிக்கும் வேலை கிடைக்குமா?

மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்த இன்பராயன் பல்லக்கிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தான். முகம் கழுவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "மாப்பிள்ளை, இவ்வளவு அழகை நான் மட்டும் பார்த்தால் போதுமா?" என்று தடந்தோளன் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

முதலில் அவைக்குக் கொண்டுபோனான். காதுக்குள்ளேயே சங்கு ஊதினார்கள். இன்பராயன் முகம் வெளுத்தது. "நமக்காக வெள்ளி பூசிக்கொண்டார்" என்று அவை கை தட்டியது.

அடுத்து மீன் சந்தைக்குக் கொண்டுபோனான். மலைநாட்டு அரசனை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். ஒருத்தி மீசை நிஜம்தானா என்று இழுத்தாள். ஒருத்தி தொப்பையைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றாள். அரசன் முகம் இறால்போலச் சிவந்தது. இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அதற்கடுத்து படகுப் போட்டிக்குக் கொண்டுபோய் முதல் படகின் முனையில் நிறுத்தினான். அலை தூக்கியது, அலை போட்டது. அரசன் முகம் வாழையிலையாய்ப் பச்சை பூத்தது. "மச்சான், இறக்கி விடுங்கள்" என்று வாயை அகலத் திறந்து கத்தினான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"பாடுகிறார்" என்றான் தடந்தோளன். கரையே துள்ளிக் குதித்தது.

பிறகு விருந்து. வஞ்சிரம் வறுவல், நண்டுக் குழம்பு, இறால் தொக்கு என்று இலை நிறைந்தது. இன்பராயன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பருக்கையும் இறங்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, தொடவே இல்லையே? சரிதான், சந்தோஷம் பொங்கினால் பசி தெரியாது" என்றான் தடந்தோளன். "எத்தனை நிறம் காட்டினீர்கள் இன்றைக்கு."

இன்பராயன் கண்ணைத் திறந்தான். மச்சானைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மோரைக் கரைத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கோதை," என்றான் மெல்ல, "அவன் பாடவே இல்லை, இல்லையா?"

"இல்லை" என்றாள் அவள்.

மோரைக் குடித்தான். அப்போதே பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னான்.

ஏலக்குன்றத்துக்குத் திரும்பியபோது ஆடிப்பெருக்கு வந்துவிட்டது. அரண்மனை வாசலில் நாடே நின்றது. யானை நெற்றிப்பட்டம் கட்டிக் காத்திருந்தது. அரசன் படியில் ஏறி நின்றான். அவனுக்கு உயிரான கூட்டம் அது. அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். ஒரு கையசைத்தால் போதும், கைதட்டல் மழையாய்க் கொட்டும்.

"வண்ணமுத்து வரமாட்டான்" என்றான் அரசன்.

கூட்டம் முணுமுணுத்தது. வாழைக்காய் விற்கும் உலகாயி முன்னால் வந்தாள். மஞ்சள் புள்ளிச் சேலை கட்டியிருந்தாள். "நாங்கள் அவனைப் பார்க்கத்தானே வந்தோம், அரசே. உங்களை எப்போதும்தான் பார்க்கிறோமே."

அரசனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சொன்னான்: "அவன் கறுத்தது பயத்தில், தாயே. நான் அதை ஆனந்தம் என்று உங்களிடம் சொன்னேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன். இன்று அவனைக் கொண்டுவந்தால் அது தெரிந்தே செய்த கொடுமை."

பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். உலகாயி சற்று நின்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அது பாவம்தான்" என்று ஒரு சீப்பு வாழைக்காயை யானைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மீதிப் பேரோடு அரசன் கிளம்பிய ஊர்வலம் அன்று தெருமுனையிலேயே முடிந்தது.

தோட்டத்துக்கு வந்தான். வண்ணமுத்து செம்பருத்திச் செடியில் இன்னும் கறுத்துத்தான் கிடந்தது. அரசன் மேளக்காரரை வீட்டுக்கு அனுப்பினான். பட்டுத் தலையணையைப் பூனைக்குப் போட்டான். செடியிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மாமரத்தின் பின்னால் உட்கார்ந்துகொண்டான். தும்மல் வந்தபோது அரசியின் முந்தானையை வாங்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் காலை வெயில் ஏறியது. வண்ணமுத்துவின் முதுகில் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பழுப்பு போனது, மஞ்சள் போனது, பச்சை வந்தது. ஒரு கண் திறந்தது. மறு கண் திறந்தது. வெட்டுக்கிளி ஒன்று இலையில் வந்து உட்கார்ந்தது.

சட்டென்று நாக்கு நீண்டது.

அரசனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. எழுந்து, நுனிக்காலில் நின்று, ஓசையே இல்லாமல் ஆடத் தொடங்கினான். அரசி கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினாள். காவலர்கள் வேல்களைச் சாய்த்து வைத்துவிட்டு ஆடினார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்து ஆடினார். அவைப்புலவர் முதன்முறையாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆடினார். அரண்மனை முழுக்க ஆட்டம், ஒரு சத்தம் கிடையாது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஓர் உயிரிடம் அன்பு வைத்தவர், அதை ஊருக்குக் காட்டித் தாம் மகிழ்வதைவிட, அது நிம்மதியாக இருக்கும் இடத்தில் அதை விட்டுவைக்க வேண்டும்.