உச்சியில் ஒரு பிழை

அது வானநூல் கற்பிக்கும் மலைப்பள்ளி. குருவுக்குக் கண் மங்கிவிட்டது. மறுநாள் காலை அவருடைய இருக்கையில் சபாபதி அமர்வதாக முடிவாகியிருந்தது. தெய்வானை அவனைவிட ஆறு வருடம் மூத்த மாணவி.

உச்சிவேளையில் அவள் ஒரு பழைய தாளோடு வந்தாள்.

“ஐயா, நம் பள்ளியை நிறுவியவர் கைப்பட எழுதியது. பஞ்சாங்கப் பெட்டியின் அடியில் கிடந்தது. ‘தலைமை, மூத்த மாணாக்கருக்கே’ என்றிருக்கிறது. கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பிரதியில் ‘மாணாக்கனுக்கே’. ஓர் எழுத்துதான் ஐயா. அதில் நான் வெளியே விழுந்துவிட்டேன்.”

குரு தாளைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“சபாபதியிடம் என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை. கார்த்திகை எது, ரோகிணி எது என்று பிரித்தறிய அவனுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. சொல்லிக்கொடுத்தது நான்.”

குரு முற்றத்துக்கு இறங்கினார். அவளும் இறங்கினாள்.

“உன் நிழல் எங்கே?”

“காலடியில்.”

“சூரியன்?”

“உச்சியில். பேச்சை மாற்றாதீர்கள்.”

“உச்சிக்கு ஆங்கிலத்தில் என்ன?”

“ஜெனித்.”

“அது எப்படி வந்தது தெரியுமா? அரபியர் அதைத் தலைக்கு மேலான வழி என்றார்கள். வழிக்கு அவர்கள் சொல் ‘சம்த்’. லத்தீனில் அதைப் பிரதி எடுத்தவன் ‘எம்’ எழுத்தின் மூன்று கோடுகளை ‘என், ஐ’ என்று படித்துவிட்டானாம். சம்த், செனித் ஆயிற்று. இத்தனை நூற்றாண்டாக உலகம் தப்பாகத்தான் சொல்கிறது. சூரியன் கோபித்துக்கொண்டதா?”

“சூரியனுக்கு என்ன ஐயா, எப்படிக் கூப்பிட்டாலும் அதன் இடம் அதற்கு இருக்கிறது. எனக்கு இடமே போகிறது.”

குரு கூடத்தின் பக்கம் திரும்பினார்.

“அந்த லத்தீன்காரனாவது பாவம், கண் பிசகினான். நம் பிரதியை எழுதியவருக்கு என்ன கேடு? ‘ரு’வுக்கும் ‘னு’வுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

குரு தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நன்றாகத் தெரியும்” என்றார். “அதை எழுதும்போது என்னைவிட மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள்.”