சடையனின் குன்றிமணி மாலை

சருகுக்காட்டில் ஒரு கரடி வசித்தது. பெயர் சடையன். தலை முதல் கால் வரை அப்படி ஒரு முடி! தன் காதைத் தானே தேடிப்பிடித்துத்தான் சொறிய வேண்டும்.

அந்தக் காட்டுக்கு வந்த கேடு ஒட்டுமுள் செடி. எங்கிருந்தோ வந்து விழுந்த ஒரே விதை, நாலு மழையில் காடு முழுக்கப் பரவிவிட்டது. அது முளைத்த இடத்தில் புல் முளைக்காது. மான்களும் முயல்களும் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குப் போய்விட்டன. அவற்றுக்கு மிச்சமிருந்த மேய்ச்சல் நிலம் அது ஒன்றுதான்.

ஆகவே ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருதமரப் பாலத்தில் காவல் போட்டார்கள். காவலுக்குத் தலைவர், கொண்டை வைத்த கொண்டலாத்திப் பறவை. அதற்குக் கீழே இருபது மைனாக்கள். இக்கரையிலிருந்து யார் போனாலும் வரிசையில் நிற்க வேண்டும். மைனாக்கள் முடியை விலக்கிப் பார்க்கும், குளம்பைத் தூக்கிப் பார்க்கும், வாலைத் திருப்பிப் பார்க்கும். ஒரு விதை ஒட்டியிருந்தாலும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

உடும்புக்கு நொடியில் முடிந்துவிடும். சடையனுக்கோ அரை நாள் ஆகும். வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு அவன் நிற்க, மைனாக்கள் கத்தும்.

"கையை இன்னும் மேலே தூக்கு! அசையாதே!"

சடையன் முணுமுணுக்காமல் நின்றான். ஒருநாள் வரிசையின் முன்னால் வந்த பிறகு தானாகவே சொன்னான், "ஐயா, காதுக்குப் பின்னால ஒரு விதை ஒட்டியிருக்கு. நான் திரும்பிப் போறேன்." மைனாக்கள்கூட அதைப் பார்த்திருக்கவில்லை!

அந்த நேர்மை கொண்டலாத்திக்குப் பிடித்துப்போயிற்று. சடையனுக்கும், முதுகெல்லாம் முள்ளோடு மணிக்கணக்கில் நின்ற ஒரு கிழட்டு முள்ளம்பன்றிக்கும் குன்றிமணி மாலை போட்டது. மாலை போட்டவர்களுக்கு வரிசை கிடையாது, சோதனை கிடையாது. பாறை ஓரமாகத் தனி வழி. பாலத்துக்கு முன்னால் நிற்கும் சொரசொரப்பான மரத்தில் உடம்பைத் தேய்த்து, தன்னைத் தானே பார்த்துக்கொண்டு, "என் உடம்பில் ஒன்றும் இல்லை" என்று சொன்னால் போதும்.

"இனிமே நாங்க பார்க்க மாட்டோம் சடையா. நீயேதான் பார்த்துக்கணும்" என்றது கொண்டலாத்தி.

"தலைமேல வெச்சுச் செய்றேன் ஐயா!" என்றான் சடையன். சொன்னபடி ஒரு வருடம் செய்யவும் செய்தான்.

அப்புறம்தான் அவனுக்குக் கொழுப்பு ஏறியது. தனி வழியில் வேகமாகப் போகலாம் அல்லவா? அவன் மெதுவாகப் போனான். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் மாலையைப் பார்க்க வேண்டாமா!

வரிசையில் பெரும்பாலும் கிழங்காயி நிற்பாள். அவள் ஒரு காட்டுப்பன்றி. ஏழு குட்டிகளின் தாய்.

"என்ன கிழங்காயி, இன்னும் இங்கேயேதான் நிக்கிறியா?" என்பான் சடையன்.

"ஏழு குட்டிக்கும் பார்க்கணுமேண்ணே! பார்க்கட்டும், நல்லதுக்குத்தானே" என்பாள் அவள்.

ஒருநாள் காலையில் அணில் ஒன்று சேதி சொன்னது. "அக்கரையில நாவல் மரம் கொட்டுது! கீழே நிலமே தெரியல!"

சடையன் அப்போது ஒரு புதருக்குள் படுத்திருந்தான். எழுந்தவன் ஒரே ஓட்டமாக ஓடினான். ஓடும்போதே இடது அக்குளில் ஏதோ குத்தியது. அவனுக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று அவனால் பிறகு ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. "எனக்கா? மாலை போட்டவனுக்கா?" என்று நினைத்துக்கொண்டு, தேய்க்கும் மரத்தையும் தாண்டி ஓடினான்.

"என் உடம்பில் ஒன்றும் இல்லை!" என்று ஓடிக்கொண்டே கத்தினான்.

"போ, போ" என்றது கொண்டலாத்தி.

நாவல் மரத்தடியில் வயிறு முட்டத் தின்றான். தின்ற பிறகு அக்குளைச் சொறிந்தான். கொத்தாக ஏதோ கீழே விழுந்தது. ஒட்டுமுள் விதைகள்! ஐந்தாறு இருக்கும். பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கொண்டலாத்தியிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மாலை போய்விடுமே! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

வெயில் சாய்ந்த நேரத்தில் கிழங்காயி குட்டிகளோடு அதே மரத்தடிக்கு வந்தாள். காலையிலிருந்து வரிசையில் நின்று, சோதனை முடிந்து வந்திருந்தாள். மிச்சமிருந்த பழத்தை எல்லாரும் மண்ணோடு கிளறித் தின்றார்கள்.

மழை பெய்தது. பத்தே நாளில் நாவல் மரத்தைச் சுற்றி ஒட்டுமுள் செடி முளைத்து நின்றது. மான்கள் அழுதன. முயல்கள் நடுங்கின. கொண்டலாத்தி எல்லாரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டது.

"இங்கே யார் வந்தது?" என்று கேட்டது.

"மண்ணைக் கிளறினது பன்றிங்கதான்! நான் பார்த்தேன்" என்றது ஒரு மான்.

"சடையனும் வந்தாரே..." என்று இழுத்தது ஒரு முயல்.

"சடையனா! அவன் மாலை போட்டவன். சந்தேகமே வேண்டாம்" என்றது கொண்டலாத்தி.

கிழங்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, நாங்க வரிசையில நின்னுதான் வந்தோம். ஒவ்வொரு குட்டியையும் தூக்கிப் பார்த்தாங்க. சடையண்ணே, அன்னிக்கு நீங்க எங்களைத் தாண்டித்தானே போனீங்க? மைனாங்க எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்களே! ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் கவனிக்கல" என்றான்.

அவ்வளவுதான். இத்தனை குட்டிகளில் ஏதோ ஒரு விதை மைனாக்களின் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று முடிவாகி, பன்றிகள் இனி அக்கரைக்கு வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. கிழங்காயி பாலத்தில் ஏறினாள். குட்டிகள் அவள் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசிக் குட்டி மட்டும் திரும்பிச் சடையனைப் பார்த்துக்கொண்டே போனது.

அன்றிலிருந்து சடையனுக்குத் தீனி இறங்கவில்லை. சருகுக்காட்டில் கிழங்காயியின் குட்டிகள் பசியில் ஒட்டுமுள் செடியின் வேரைத் தோண்டிக் கடித்துத் துப்புவதைப் பார்த்தான். வேறு வழியில் ஓடி ஒளிந்தான். ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போனால் கழுத்தில் மாலை தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசியது.

ஐந்தாம் நாள் பாலத்துக்குப் போனான். தேய்க்கும் மரத்தில் முதுகு எரிய எரியத் தேய்த்தான். தனி வழிக்கு வந்து வாயைத் திறந்தான். அதற்குள் கொண்டலாத்தி சிரித்தது.

"உன்னைக் கேட்கவே வேண்டாம் சடையா, போ!"

அந்தச் சொல்தான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அப்படியே திரும்பி, நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

"மாலை இருக்கே! இங்கே ஏன் நிக்கிறே?" என்று மைனாக்கள் கேட்டன.

சடையன் மாலையைக் கழற்றித் தரையில் வைத்தான். பிறகு சொன்னான். "செடியைக் கொண்டுவந்தது நான்தான். அக்குள்ள குத்தினது தெரிஞ்சும் ஓடினேன். விழுந்த விதையை மண்ணைப் போட்டு மூடினேன். கிழங்காயி கேட்டப்போ பொய் சொன்னேன்."

கொண்டலாத்தியின் கொண்டை அப்படியே மடங்கிப்போயிற்று.

"கிழங்காயிகிட்ட நானும்தான் மன்னிப்புக் கேட்கணும்" என்றது அது. "மாலையைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கல. இனிமே மாலையும் இல்ல, தனி வழியும் இல்ல. எல்லாரும் வரிசைதான்!"

"ஐயோ, முள்ளம்பன்றித் தாத்தா ஒரு தப்பும் பண்ணலியே!" என்றான் சடையன்.

"பண்ணல. ஆனா இனிமே யாரை எப்படி நம்பறதுன்னு எனக்குத் தெரியல."

தனி வழியில் நின்று இதைக் கேட்ட கிழட்டு முள்ளம்பன்றி தன் மாலையைக் கழற்றிச் சடையனின் மாலைக்குப் பக்கத்தில் வைத்தது. நொண்டிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் வெயிலில் நின்றது.

நாவல் மரத்தடிச் செடிகளை ஒன்றுவிடாமல் வேரோடு பிடுங்கும் வேலை சடையனுக்கு. முள் கிழித்துக் கையெல்லாம் புண். முழுதாக ஒரு மழைக்காலம் ஆயிற்று. புல் தப்பியது. பன்றிகளுக்கு விதித்த தடையோ அவன் உண்மையைச் சொன்ன அன்றே நீங்கியிருந்தது; கொண்டலாத்தி கிழங்காயியிடம் மன்னிப்பும் கேட்டிருந்தது.

பிறகு ஒரு காலையில் வரிசையில் சடையனுக்கு முன்னால் கிழங்காயி நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குட்டிகளைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டாள்.

"வெயில் அடிக்குது. இப்படி நிழல்ல வந்து நில்லுங்கண்ணே" என்றாள்.

அவன் வந்து நின்றான். கடைசிக் குட்டி அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்தது.

"அம்மா! 'நான் கவனிக்கல'ன்னு சொன்ன மாமா இவருதானே?"

கிழங்காயி தன் காலால் குட்டியின் வாயை மூடினாள். சடையன் அவள் காலை விலக்கிவிட்டுச் சொன்னான்.

"ஆமா கண்ணு, நான்தான்."

மற்றவர்கள் நம்மைச் சோதிக்காமல் நம்பிவிடும்போதுதான், நம்மை நாமே இரண்டு மடங்கு சோதித்துக்கொள்ள வேண்டும்.