கெட்டிமேளத்தில் நின்ற சக்கரம்

சாமக்காட்டுப்பட்டியில் கல்யாணமானாலும் சரி, கருமாதியானாலும் சரி, ஒச்சப்பன் சவுண்டு சர்வீஸ்தான். ஒச்சப்பன் முதலாளி, தவசியும் பரமனும் கூட்டாளிகள். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது.

இவர்களுடைய பாட்டெல்லாம் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றில் இருந்தது. அதன் நடுவில் ஒரு சக்கரம். விரலால் சுற்றினால் பாட்டு ஒண்ணொண்ணாக நகரும். கொஞ்ச நாளாகச் சக்கரம் கரகரவென்று இழுத்து, நிற்க வேண்டிய பாட்டைத் தாண்டி அடுத்ததில் போய் நின்றது. போன மாசம் ஒரு காதுகுத்தில் ஒப்பாரி பாடிவிட்டது. தாய்மாமன் தேம்பித் தேம்பி அழுதார்.

விடிந்தால் சோலையப்பன் மகள் கல்யாணம். வர ஒப்புக்கொண்ட மேளக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். சோலையப்பன் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏப்பா ஒச்சப்பா, எனக்கு ஒத்தப் பொம்பளப் பிள்ளை. கெட்டிமேளத்தைத் தாண்டி அடுத்து ஒப்பாரிதானே வச்சிருக்க? தாலி ஏறுற நேரத்துல அது வந்துச்சுன்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்கப்பா."

"அதை விடுங்க மாமா, சரிபண்ணிட்டுத்தான் மறுவேலை" என்ற ஒச்சப்பன், டவுனில் ரேடியோ கடை வைத்திருக்கும் மஸ்தான் பாய்க்குப் போன் போட்டான்.

பாய் பொறுமைசாலி. "தம்பி, மேல்மூடியைக் கழட்டு. பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தொடை. காயிற வரைக்கும் கை படக் கூடாது. அப்புறம் சக்கரத்தை ரெண்டு பக்கமும் சுத்தி விடு, கரகரப்பு போயிரும். கெட்டிமேளத்துல நிறுத்தி, அதையே திரும்பத் திரும்பப் பாடுற மாதிரி வச்சிரு. அதுக்கப்புறம் நம்ம கடைக்குக் கொண்டுவர்ற வரைக்கும் சக்கரத்தைத் தொடாதே."

மேல்மூடி எது என்பதிலேயே தகராறு வந்தது. "இதுதான் மேலே இருக்கு" என்றான் தவசி. பரமன் பெட்டியைத் திருப்பிப் போட்டு, "இப்ப?" என்றான். "திருப்பத் திருப்ப மாறுதுடா. யாரும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லி, மேலே இருந்த மூடியை ஒச்சப்பன் அவசரமாகக் கழட்டினான்.

தவசி கையில் வைத்துத் துடைத்தான். நன்றாகத்தான் துடைத்தான். திடீரென்று ஒச்சப்பனுக்கு ஞாபகம் வந்து, "டேய், காயிற வரைக்கும் கை படக் கூடாதுடா!" என்று கத்தினான். தவசி அந்த நிமிஷமே கையை விட்டான்.

"அய்யோ, என் கால்ல விழுந்துருச்சு!" என்றான் பரமன்.

"காலைப் பத்திப் பாய் ஒண்ணும் சொல்லலை. அப்படியே நில்லு."

காயும்வரை பரமன் அசையாமல் நின்றான். சக்கரம் சுற்றும் நேரத்தில் அவனுக்கே ஒரு சந்தேகம். "அண்ணே, வலப்பக்கம் சுத்துனா கரகரப்பு வெளியே போயிரும், சரி. இடப்பக்கம் சுத்துனா திரும்பி வந்துராதா?"

ஒச்சப்பன் ரொம்ப நேரம் மோவாயைத் தடவினான். "அது வர்றதுக்குள்ள கதவைச் சாத்திரணும்."

வாசலில் நின்று வலப்பக்கம் சுற்றினார்கள். உள்ளே ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டு இடப்பக்கம் சுற்றினார்கள். என்ன சொல்ல, கரகரப்பு போயே போய்விட்டது. பாய் சொன்னபடியே கெட்டிமேளத்தில் நிறுத்தி, அதையே திரும்பத் திரும்பப் பாடுகிற மாதிரி வைத்தார்கள்.

மறுநாள் பந்தலில் பூசாரி கையைத் தூக்கியதும் கெட்டிமேளம் இடிமாதிரி முழங்கியது. தாலி ஏறியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள். சோலையப்பன் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேளம் நிற்கவில்லை. கெட்டிமேளம் கேட்டால் அட்சதை போடுவதுதானே வழக்கம்? சனங்கள் மறுபடியும் அள்ளிப் போட்டார்கள்.

"போதும், நிறுத்துப்பா!" என்றார் சோலையப்பன்.

"சக்கரத்தைத் தொடக் கூடாதாம் மாமா. தொட்டா அடுத்தது ஒப்பாரி."

"பாய் கடைக்காவது கொண்டுபோயேன்!"

"வெள்ளிக்கிழமை. சாயங்காலம்தான் திறப்பாரு."

சோலையப்பன் மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். "அப்ப தொட்டுறாதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று தானும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

அட்சதைத் தட்டு காலியானது. சமையல்கட்டிலிருந்து வந்த மூட்டையும் காலியானது. சமையல்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து, "மிச்ச அரிசியெல்லாம் உலையில போட்டாச்சு. இனிமே சோறுதான்" என்றார்.

எல்லாரும் சம்பந்தி முகத்தையே பார்த்தார்கள். அவர் மீசையிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டு எழுந்தார். சோலையப்பனுக்கு உயிரே போய்விட்டது.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் சம்பந்தி. "வெறுஞ்சோத்தையா போடுவாங்க? முதல்ல சாம்பார் ஊத்திப் போடுங்க. ரசம் அப்புறம்."

மோர்ச்சோறு தலையில் விழத் தொடங்கியதும், அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, தொட்டுக்க ஊறுகாய் கேட்டார்.