பெட்ரோல் எங்கே போகிறது?

மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். மடத்துக்குத் தலைவி சாமியம்மா. நாற்பது வயசுதான் இருக்கும். அப்பா கார் மெக்கானிக். பட்டறையிலேயே தவழ்ந்து, பட்டறையிலேயே வளர்ந்து, ஒருநாள் எல்லாம் போதும் என்று காவி கட்டிக்கொண்டு வந்தவர்.

அவருக்கு இரண்டு சீடர்கள். மூத்தவர் திருமேனி. குருவைவிட ரொம்பப் பெரியவர். அதனால் குருவே அவரைத் 'திருமேனியாரே' என்றுதான் கூப்பிடுவார். இளையவன் பூவலிங்கம். மடத்துக் காரை ஓட்டுகிறவன்.

திருமேனி நல்ல மனுஷன்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் காலமெல்லாம் நெல் கிடங்கில் காவல் இருந்தவர். வெளியே போகிற ஒவ்வொருத்தன் மடியையும் தடவித் தடவிப் பழகிய கை. மடத்துச் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட, குறைந்த உப்பு எங்கே போயிருக்கும் என்று யோசிப்பார். அப்படி ஒரு பிறவி!

அவர் கண் இப்போது காரின்மேல் விழுந்திருந்தது. அரதப்பழசு அது. ஆனால் மலைமேல் இருக்கிற ஊர்களில் பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அந்த வளைவுகளில் அதை ஓட்டப் பூவலிங்கத்தை விட்டால் வேறு ஆளும் கிடையாது.

அந்தக் கார் கொஞ்ச நாளாகப் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் திருமேனி குருவின் முன்னால் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா, பூவலிங்கம் பெட்ரோல் திருடுறான். அவனை அனுப்பிருங்க."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? டாங்கியில குச்சியை விட்டு விட்டுப் பாக்கேன், மளமளன்னு இறங்குது. அவன் சட்டையை மோந்து பாத்தேன். பெட்ரோல் நாத்தம்!"

"டாங்கியைப் பூட்டி வைங்களேன்."

"பூட்டிச் சாவியை இடுப்புல முடிஞ்சிருக்கேன். அப்பவும் குறையுது. கெட்டிக்காரப் பய, வேற வழி வச்சிருக்கான்."

"அவன் மூட்டையைப் பாத்தீங்களா?"

"அவிழ்த்துக் கொட்டிப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லை." திருமேனி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமே இல்லை அம்மா. அதுதான் இடிக்குது."

"கூடப் போய்ப் பாக்கலாமே."

"போனேன். நேரா ஆஸ்பத்திரி, நேரா மடம். வழியில ஒரு இடத்துல நிறுத்தலை. நான் கூட இருக்கையில எப்படி நிறுத்துவான்?"

"அவன் என்ன சொல்றான்?"

"எடுக்கலைங்கான். சன்னதியில சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னேன். சட்டுன்னு அணைச்சுட்டான். எடுக்காதவன் எதுக்கு அம்மா அவ்வளவு சட்டுன்னு அணைக்கான்?"



"இப்ப அவன் எங்க?"

"மூட்டை கட்டுறான். அவனே போறேன்னுட்டான். மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சா நிப்பானா?"

குரு எழுந்து காவிச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

திருமேனிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ண மட்டும் தெரியும். பண்ணினார். கார் இருமிக்கொண்டே கிளம்பியது. பின்னால் குபுகுபுவென்று கரும்புகை. குரு அவரைக் காருக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். நின்றார். கண் எரிந்து, மூக்கில் நீர் வந்தது.

"உங்க வேட்டியை மோந்து பாருங்க, திருமேனியாரே."

மோந்து பார்த்தார். பெட்ரோல் வாடை.

"நீங்களுமா?" என்றார் குரு.

திருமேனிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடுவாரா? "சட்டையை விடுங்க, டாங்கி குறையுதே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

குரு எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறக் காத்திருந்து, ஒரு பிளக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். அடுப்பில் கிடந்த பானையின் அடி மாதிரி கரி அப்பியிருந்தது.

"பெட்ரோல் எஞ்சினுக்குள்ளதான் போகுது. எரியறதுக்குக் காத்து பத்தலை, இல்லாட்டி பெட்ரோல் ஜாஸ்தி. அதான் கரி."

"அப்ப அவன் எடுக்கலைங்கீங்களா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. முதல்ல காத்து வழியைப் பாப்போம்."

பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றினார். தட்டினார். தூசி இருந்தது, அடைப்பு இல்லை. அது இல்லாமலே எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அதே கரும்புகை.

"பூவலிங்கம் வேற எங்கயாவது எதையாவது திருகி விட்டிருப்பான்" என்றார் திருமேனி.

சோக் தகட்டைப் பார்த்தார் குரு. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப மட்டும் காற்றை மறைக்கிற தகடு அது. சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தள்ளினார். நன்றாகத் திறந்தே இருந்தது.

"நாம பாக்க வர்றோம்னு தெரிஞ்சு திறந்து வச்சிருப்பான்."

குரு எஞ்சினை நிறுத்தி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரின் கிண்ண மூடியைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் பெட்ரோல் ததும்பியது.

"பாதியிலயே நிக்கணும் இது. நிக்கலை. வழிஞ்சு எஞ்சினுக்குள்ள போகுது."

உள்ளே மூழ்கிக் கிடந்த ஒரு பித்தளை டப்பாவை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். மிதவை. அதைக் காதருகில் வைத்து ஆட்டினார். பிறகு திருமேனியின் காதருகில் ஆட்டினார். களக் களக் என்றது.

"சமையல்கட்டுல போய்க் கொதிக்கிற வெந்நீர் ஒரு சட்டியில கொண்டாங்க."

திருமேனி ஓடிப்போய்க் கொண்டுவந்தார். குரு மிதவையை வெந்நீரில் அமுக்கினார். அதன் தையல் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரே வரிசையாகக் குமிழி கிளம்பியது.

"அடியாத்தீ! ஓட்டை!" என்றார் திருமேனி.

"கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. மிதவைக்கு ஒரே வேலைதான். பெட்ரோல் ஏற ஏற இதுவும் மேல வந்து, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கணும். போதும்னு சொல்லணும். பெட்ரோல் இதுக்குள்ளயே புகுந்துட்டா?"

"கனத்துப் போகும்."

"ம்."

"எவ்வளவு வந்தாலும் போதும்னு சொல்லாது."

"ம்."

பாவம், அந்தப் பயல் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தானே, கை சுட்டிருக்குமே என்று திருமேனிக்கு இப்போதுதான் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. மிதவையைக் குருவிடம் விட்டுவிட்டு, பூவலிங்கத்தைத் தேடி விறுவிறுவென்று போனார்.

பூவலிங்கம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஏ பூவலிங்கம், இறக்கு வே மூட்டையை. நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. மிதவையில ஓட்டை."

"அப்படியா?"

"நான்தான் கண்ணால பாத்தேனே! வெந்நீர்ல போட்டதும் குமிழி வந்துச்சு. உன்மேல தப்பில்லை. வா."

பூவலிங்கம் மூட்டையை இறக்கவில்லை. "அண்ணாச்சி, சாமி முன்னால நான் சொன்னேன். நீங்க நம்பலை. ஒரு பித்தளை டப்பா சொல்லுச்சு, நம்பிட்டீங்க."

"அதான் நம்பிட்டேன்லா?"

"இன்னைக்கு நம்பிட்டீங்க. நாளைக்கு எண்ணெய் குறையும், டயர் தேயும். ஒவ்வொண்ணுக்கும் நான் எத்தனை சூடத்தை அணைக்க?"

"மலைமேல இருக்க சனத்தை நினைச்சுப் பாரு வே. ராத்திரி ஒருத்திக்கு வலி கண்டா யாரு கூட்டிட்டு வருவா?"

அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டான். "அதை நினைச்சுத்தான் இத்தனை நாளும் இருந்தேன், அண்ணாச்சி" என்றான். கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

திருமேனி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். நின்றவருக்குள் வேறு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. மெதுவாகத் திரும்பிக் காரிடம் வந்தார்.

குரு மிதவையின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். கீழே தகரக் குவளையில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஈயம் வைத்து ஒட்டுவதற்குப் பற்றுக்கோல் பக்கத்தில் இன்னும் சூடு காட்டாமல் கிடந்தது.

"போறானா?" என்றார் குரு.

"போறான் அம்மா. நானே வலியப் போய்க் கூப்பிட்டேன். தப்பில்லைன்னு என் வாயாலயே சொன்னேன். அப்பவும் நிக்கலை."

குரு மிதவையைத் திருப்பிப் பிடித்து இன்னும் கொஞ்சம் வடிய விட்டார்.

திருமேனி இன்னும் கிட்டே வந்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. தப்பில்லைன்னு சொன்ன பிறகும் ஒருத்தன் நிக்க மாட்டேங்கான்னா... போன மாசம் இந்தக் கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சதும் அவன்தானே? ஓட்டை தானா விழுமா?"

சாமியம்மா மிதவையைத் தூக்கித் தன் காதருகில் மெதுவாக ஆட்டினார்.

திருமேனிக்குப் பொறுக்கவில்லை. "வடிஞ்சுருக்கும் அம்மா. சொட்டுதான் மிச்சம் இருக்கும். ஒட்டிருங்களேன்."

"இப்ப நெருப்பு காட்டினா முகத்துல வெடிக்கும், திருமேனியாரே. உள்ள இன்னும் கிடக்கு."