கீழ்க்குளத்துக் காய்ச்சல்

ஒரு காட்டில் இரண்டு குளங்கள் இருந்தன. மேல்குளத்தில் காட்டெருமைத் தலைவர் கருமலையாரும், மயில், காட்டுப்பன்றி, குரங்கு என்று அவர் கூட்டமும் தண்ணீர் குடித்தார்கள். கீழ்க்குளத்தங்கரையில் மான்களும் முயல்களும் ஓர் ஆட்காட்டிக் குருவியும் வாழ்ந்தன. புதிதாக எது கண்ணில் பட்டாலும் ஆட்காட்டிக்குக் கத்தாமல் இருக்க முடியாது. பிறவிக் குணம்.

ஓர் இருமல் காய்ச்சல் அந்தக் காட்டையே ஆட்டிவைத்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. "நோயை வென்றுவிட்டோம்!" என்று கருமலையார் அறிவித்தார். அமைச்சர் மயில் ஆடிக் காட்டியது. இருமி எழுந்தவர்கள் எல்லாம், இனி நம்மை எதுவும் அண்டாது என்று தெம்பாகத் திரிந்தார்கள்.

ஒரு காலையில் பூவரசி என்ற புள்ளிமான் தண்ணீர் குடிக்க வந்தது. கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. உடம்பு கொதித்தது. ஆனால் இருமல் இல்லை.

"உனக்குத்தான் போன தடவையே வந்து போயிற்றே, அக்கா?" என்றது ஆட்காட்டி.

"அதுதான் எனக்கும் புரியவில்லை! அது தொண்டையைப் பிடித்தது. இது காலைப் பிடிக்கிறது!"

மறுநாள் சில முயல்களும் விழுந்தன. அவையும் முன்பு இருமியவைதான். ஆட்காட்டிக்குப் புரிந்துவிட்டது. பழைய நோய் வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது! முன்கூட்டியே தெரிந்தால் எல்லாரும் தப்பிக்கலாமே என்று மேல்குளத்துக்குப் பறந்தது.

கருமலையார் பொறுமையாகக் கேட்டார். "நல்ல காரியம் செய்தாய்! உன் நேர்மையை மெச்சுகிறோம்!" என்றார். உடனே மயில் பக்கம் திரும்பினார். "கீழ்க்குளத்து ஆள் ஒருவரும் இனி இந்தப் பக்கம் வரக் கூடாது. மேட்டுப் புல்லும் அவர்களுக்குக் கிடையாது!"

"நோய்க்கு ஒரு பெயர் வேண்டுமே, தலைவரே!" என்றது மயில்.

"கீழ்க்குளத்துக் காய்ச்சல்!"

ஆட்காட்டி பதறிப்போயிற்று. "ஐயா, அது எங்கே பிறந்ததோ யார் கண்டது? நாங்கள் முதலில் பார்த்தோம், அவ்வளவுதான்!"

"முதலில் பார்த்தவர்களின் பெயரை வைப்பது எவ்வளவு பெரிய மரியாதை!" என்றது மயில்.

கீழ்க்குளத்தில் ஆட்காட்டிக்கு நல்ல வரவேற்பு! "வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? இப்போது புல்லும் போயிற்று!" என்று முயல்கள் சீறின. ஆட்காட்டி கூனிக் குறுகியது. ஆனாலும் நோய் வந்திருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே! நோயாளிகள் நாவல் மரத்தடியில் தனியாகப் படுத்தார்கள். தனித்துறையில் தண்ணீர் குடித்தார்கள். யாராவது அந்தப் பக்கம் போனால் ஆட்காட்டி தலைக்கு மேல் பறந்து கத்தியது. ஒரு கிழ முயல் இறந்துபோனது. மற்றவர்கள் சருகைத் தின்று, மெல்ல எழுந்து நடந்தார்கள். பூவரசியும் எழுந்தது.

மேல்குளத்தில் நோய்க்குத் தடை போட்டாயிற்று. ஆகையால் அங்கே யாருக்கும் நோய் இல்லை! காட்டுப்பன்றிக்குக் கால் நடுங்கியது. "புது ஆட்டம் பழகுகிறேன்!" என்றது. குரங்கு கிளையிலிருந்து தொப்பென்று விழுந்தது. "இறங்க நினைத்தேன், இறங்கிவிட்டேன்!" என்றது. மயிலுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. "வெயில் கொஞ்சம் அதிகம்!" என்றது. எல்லாரும் ஒரே துறையில் உரசிக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள்.

ஒரு நாள் அந்த வழியாகப் பறந்த ஆட்காட்டி கீழே பார்த்தது. மேல்குளத்தங்கரையில் நிற்பவர் ஒருவரும் இல்லை. கருமலையாரும் சேற்றில் சரிந்து கிடந்தார். பாவமாக இருந்தது. இறங்கியது.

"தனித்தனியாகப் படுங்கள் ஐயா, பிழைத்துக்கொள்ளலாம்!" என்றது.

"இந்தக் கீழ்க்குளத்துக் காய்ச்சல் எப்படி இங்கே நுழைந்தது?" என்று முனகினார் கருமலையார்.

பக்கத்தில் கிடந்த காட்டுப்பன்றி கண்ணைத் திறந்தது. "நுழையவில்லை, தலைவரே. குருவி வந்து சொன்ன அன்றைக்கே எனக்குக் கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது!"

"அடப்பாவி! அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"சொன்ன குருவிக்கு நீங்கள் செய்த மரியாதையைத்தான் பார்த்தேனே!"

ஆபத்தை முதலில் சொன்னவரைத் தண்டித்தால், ஆபத்து போகாது. அதைச் சொல்கிறவர்கள்தான் இல்லாமல் போவார்கள்.